தாமதக் காரணம்

இரண்டு விசில், அம்மா. முதலாவது நீளம், அடுத்தது சின்னது. யாரையோ கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டதற்கே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கும். நாற்பத்தேழு வருஷம் ஆயிற்று. இன்னும் காதில் இருக்கிறது.

விருதுநகரில் ரயில்வே குவார்ட்டர்ஸ். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். எங்கள் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டு. நாற்பது, ஐம்பது பெட்டி தடதடவென்று போய் முடியும். பாத்திரமெல்லாம் அலமாரியில் நடுங்கி ஓயும். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வரும், பிரேக் வேன் என்பார்கள். அதில்தான் அவர் ஒற்றை ஆளாக நிற்பார். வீட்டைத் தாண்டும்போது இரண்டு விசில். நான் அடுப்படி விளக்கை ஒருதரம் அணைத்துப் போடுவேன். அவ்வளவுதான். இறங்க முடியாது, நிற்க முடியாது. மூன்று நாள் கழித்துத்தான் வருவார். ஆனாலும் அந்த விசிலுக்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

இதை எதற்குச் சொல்ல வந்தேன்? நீங்கள் அவருக்கு எத்தனை வருஷமாக இந்தத் தொந்தரவு என்று கேட்டீர்கள். நான் எங்கேயோ போய்விட்டேன். வயசானால் இப்படித்தான்.

அதோ நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு நடக்கிறாரே, அவர்தான் உங்கள் வீட்டுக்காரரா? நடக்கட்டும். ஒரு லிட்டர் குடித்துவிட்டு, முட்டிக்கொண்டு வருகிறது என்று அவரே சொல்லும்வரை கூப்பிட மாட்டார்கள். உள்ளே ஒரு புனல் வைத்திருக்கிறார்கள். அதில் போனால் கம்ப்யூட்டர் கோடு போடும். நல்லபடியாக இருந்தால் கோடு மலைபோல ஏறி இறங்குமாம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தரையோடு தரையாக ஓடியது. அதைப் பார்த்துவிட்டு, "மானாமதுரை லைன் மாதிரில்லா இருக்கு, ஏத்தமே இல்லையே" என்றார். அந்த நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியாட்களிடம் இப்படி நன்றாகப் பேசுவார்.

பெயர் குற்றாலிங்கம். சொந்த ஊர் செங்கோட்டை. டோக்கன் முப்பத்தேழு அவர் பெயரில்தான் போட்டிருக்கிறேன். வருவார். வரவேண்டும்.

புரோஸ்டேட் வீக்கம் எதனால் வருகிறது தெரியுமா? தலை நரைப்பது போலத்தானாம், வயசானால் ஆண்களில் பாதிப் பேருக்கு வருமாம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நெல்லிக்காய் அளவு இருக்கவேண்டியது எலுமிச்சை அளவாகிவிடும். மூத்திரக் குழாய் அதன் நடுவே போகிறது, நெருக்கிவிடுகிறது. அவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "டாக்டர், பிரேக் வேன்ல கக்கூஸ் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் அடக்கி வச்சிருக்கேன். அதுதான் இப்ப பழி வாங்குது" என்பார். அதனால் இல்லை ஐயா என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும் சரி, இவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "அந்தப் பையனுக்கு ரயிலைப் பத்தி என்ன தெரியும்?" என்பார்.

ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருப்பார். கட்டில் கிறீச்சிடும், செருப்புத் தேயும், கதவு, அப்புறம் ஒன்றுமே கேட்காது. அதுதான் கொடுமை. சொட்டுச் சொட்டாக விழும், நடுவில் நின்றுவிடும். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வருமா என்று பார்ப்பார். நான் படுத்தபடியே எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருநாள் காலையில், "உன் தூக்கமும் கெடுதுல்லா டீச்சர்?" என்று கேட்டார். நான் முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள். வீட்டிலும் டீச்சர்தான் அவருக்கு. "கெடத்தான் செய்யுது" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அன்றைக்குச் சாயங்காலமே தலையணையை எடுத்துக்கொண்டு மகளுடைய அறைக்குப் போய்விட்டார். அவள் கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள், அறை சும்மாதான் கிடந்தது. குளியலறையும் அதை ஒட்டியே இருக்கிறது. வசதிதான்.

நான் போகச் சொல்லவில்லை அம்மா. நீங்களே சொல்லுங்கள், இதில் எங்கேயாவது நான் போகச் சொன்னேனா?

ஆறு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு சுவர்தான் நடுவில். பகலெல்லாம் ஒரே வீட்டில்தான் இருப்போம், காப்பி குடிப்போம், பேப்பரை ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்வோம். ராத்திரி ஒன்பதரை ஆனால் அவர் கதவு சாத்திக்கொள்ளும், என் கதவு சாத்திக்கொள்ளும். எனக்குப் பிரம்புக் கூடை மாதிரி உள்ளேயெல்லாம் ஓட்டை விழுந்துவிட்டது. யாரிடம் சொல்வது? மகளிடம் சொல்லக்கூடிய விஷயமா? அதனால்தான் வைத்தியம், வைத்தியம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ராத்திரி எழுந்திருப்பது நின்றுவிட்டால் தனியாகப் படுக்கக் காரணமே இல்லையே. தலையணையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

மாத்திரை நாலு வருஷம் ஓடியது. எழுந்தால் தலை சுற்றும். ஒருநாள் துளசிமாடத்தில் சாய்ந்து நெற்றியில் அடி. அதற்குப் பிறகுதான் இந்த டாக்டரிடம் வந்தோம். அருணோதயன் என்று பெயர். சின்ன வயசு, பொறுமைசாலி. ரத்தத்தைச் சோதித்துப் புற்று இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டார். அப்புறம் ஒரு அளவுக் குவளையும் படிவமும் கொடுத்தார். மூன்று நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். உங்களுக்கும் கொடுப்பார்கள்.

இவருக்கு அந்தப் படிவம் பிடிக்கவில்லை. பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஸ்கேலால் கட்டம் போட்டார். கார்டு ஜர்னல் எழுதிய கை இல்லையா? ஸ்டேஷன், வருகை, புறப்பாடு, கடைசியாகத் தாமதக் காரணம் என்று ஒரு கட்டம். வண்டி எங்கே நின்றாலும் ஏன் நின்றது என்று கார்டு எழுதியாகவேண்டும். அதையே இதற்கும் போட்டுவிட்டார்.

முதல் நாள் காலையில் எடுத்துப் பார்க்கிறேன். 'பதினொன்று இருபது வருகை. பதினொன்று இருபத்தாறு புறப்பாடு. நூற்றிருபது மில்லி. தாமதக் காரணம்: முன்னால் பாதை அடைப்பு.' சரி, அது புரிகிறது. அடுத்தது, 'ஒன்று நாற்பது வருகை. ஒன்று ஐம்பத்திரண்டு புறப்பாடு. எண்பது மில்லி. தாமதக் காரணம்: சிக்னல் கொடுத்தது. பதில் இல்லை.' அதற்கடுத்தது, 'மூன்று பதினைந்து. பக்கத்து அறையில் விளக்கு எரிகிறது. மூன்று நிமிடம் நின்றது.'

எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. மூத்திரம் போவதில் என்ன சிக்னல்? டாக்டர் பார்த்தால் மூளைக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று தலைக்கு ஒரு ஸ்கேன் எழுதிவிட மாட்டாரா? ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நேரத்தையும் அளவையும் மட்டும் அழகாகப் பிரதி எடுத்தேன். மாணவிகளின் நோட்டை எத்தனை பார்த்திருக்கிறேன். தேவையில்லாததை அடிப்பதுதானே என் வேலை. அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டேன்.

ஆனால் விளக்கு விஷயம் மனதில் பட்டது. நான் தூக்கம் வராமல் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். கதவிடுக்கில் தெரியும் வெளிச்சம் அவர் கண்ணை உறுத்துகிறது போலிருக்கிறது. நேரே சொல்ல மாட்டார், இப்படி எழுதித்தான் சொல்வார். இரண்டாம் நாள் ராத்திரியிலிருந்து நான் விளக்குப் போடவில்லை. இருட்டில் விழித்துக்கொண்டே கிடந்தேன். அவர் எழுந்துபோவது கேட்டது. என் கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து, கொஞ்ச நேரம் நின்று, போயிற்று. நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை, பாவம், தொந்தரவில்லாமல் போகட்டும் என்று.

மறுநாள் நோட்டில், 'விளக்கு இல்லை' என்று இருந்தது. மூன்றாம் நாள் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கோடு மட்டும். பார்த்தீர்களா? விளக்குத்தான் இத்தனை நாள் அவரைப் படுத்தியிருக்கிறது.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. குளியலறைக் கதவு ஈரத்தில் ஊறி இறுகியிருக்கும் போல. எழுந்து போகும்போதெல்லாம் டொக், டொக் என்று தட்டுவார். முதல் தட்டு பலமாக, அடுத்தது மெதுவாக. பாவம், இந்த அவசரத்தில் கதவோடு வேறு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று ஆசாரியை வரவழைத்தேன். அந்த மனுஷர் கதவை நாலு தடவை திறந்து திறந்து மூடினார். "கதவு வெண்ணெயா வழுக்குது. இதுல எதைச் சீவச் சொல்றீங்கம்மா?" என்றார். இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலை செய்ய உடம்பு வளையாது. அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் தட்டுச் சத்தமும் கேட்கவில்லை. தானாகவே சரியாகியிருக்கும்.

என்ன அம்மா, என்னையே பார்க்கிறீர்கள்?

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதுதானே வேண்டும். வயிற்றைக் கிழிப்பதெல்லாம் இப்போது அபூர்வம். பெரும்பாலும் மூத்திர வழியாகவேதான். கரண்ட் கம்பியால் சுரண்டி எடுப்பது ஒன்று, அது பழசு, ஆனால் நம்பகமானது. லேசரால் உரித்து எடுப்பது ஒன்று. சின்ன கிளிப் போட்டு இரண்டு பக்கமும் திரையை ஒதுக்குவதுபோல இழுத்துக் கட்டுவது ஒன்று. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் விட்டு, வீக்கத்துக்குப் போகும் ரத்தத்தை அடைப்பது ஒன்று. அப்புறம் நீராவி. மெல்லிய ஊசி வழியாக ஒன்பது விநாடி நீராவி விடுவார்களாம். வீங்கிய சதை செத்து, சில வாரத்தில் தானாகச் சுருங்கும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எல்லாருக்கும் எல்லாமும் பொருந்தாது, அளவைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இவருக்கு நீராவியும் பொருந்தும், லேசரும் பொருந்தும் என்றார்.

நீராவி என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்டீமா? டீசல் வந்தப்பவே அதை ஒழிச்சுட்டாங்களே டாக்டர்!" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். "திரும்ப வந்துருச்சு ஐயா, உங்களுக்காகவே" என்றார். இவரும் சிரித்தார். இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. முன்பு கரி அப்பின முகத்தோடு வந்து வாசலில் நின்று சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

அப்புறம் டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. லேசர்ல அடைப்பு முழுசாப் போயிரும், திரும்ப வர்றது ரொம்பக் குறைவு. ஆனா தாம்பத்தியத்துல விந்து வெளிய வராது, பெரும்பாலும். பின்னால போயிரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனா சிலருக்கு மனசு சங்கடப்படும். நீராவில அது அநேகமா அப்படியே இருக்கும். பலன் தெரிய கொஞ்ச நாளாகும், சில பேருக்குச் சில வருஷம் கழிச்சு மறுபடி செய்ய வேண்டி வரலாம். எது உங்களுக்கு முக்கியம்னு நீங்கதான் சொல்லணும் ஐயா."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பேரன் வயசுப் பையன், என்னை வைத்துக்கொண்டு கேட்கிறான். நான் சட்டென்று, "எங்களுக்கு அதெல்லாம் முடிஞ்சுபோச்சு டாக்டர். எழுபத்துமூணு வயசு. ஒரே தடவையில சரியாப் போறதைச் செய்யுங்க. லேசரே இருக்கட்டும்" என்றேன்.

இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் விடவில்லை. "ஐயா சொல்லட்டும்மா" என்றார்.

"டீச்சர் சொல்லிட்டாங்கள்ல" என்றார் இவர்.

ஆட்டோவில் வரும்போது, "அந்த ஸ்டீம்னு சொன்னானே, அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்" என்றார். "கேட்டு என்ன செய்யப் போறீங்க?" என்றேன். பதில் இல்லை. அவர் அப்படித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

லேசர் நன்றாக முடிந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு நாள் டியூப், மூன்று வாரம் எரிச்சல், கொஞ்ச நாள் இருமினால் தும்மினால் கசிவு. பயப்படாதீர்கள், அது நிற்கும். இரண்டாம் மாதம் அந்தப் புனலில் மறுபடி போகச் சொன்னார்கள். கோடு குற்றால மலை மாதிரி ஏறிற்று. டாக்டருக்கே பெருமை.

அன்றைக்குச் சாயங்காலம் என் கட்டிலில் இரண்டாவது தலையணைக்குப் புது உறை போட்டேன். வெளிர்ப் பச்சை. பச்சைதான் அவருக்குப் பிடிக்கும், போகலாம் என்ற நிறம் என்பார். ஒன்பதரைக்கு அவர் கதவு சாத்திக்கொண்டது.

மறுநாளும் அப்படியே. ஒரு வாரம், ஒரு மாதம். அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் கிடையாது. கட்டில் இல்லை, செருப்பு இல்லை, குழாய் இல்லை. விடிய விடியத் தூக்கம். ஆறு வருஷமாக எந்தச் சத்தம் நிற்கவேண்டும் என்று வேண்டினேனோ அது நின்றுவிட்டது. நான் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். சுவர் குளிர்ந்திருக்கும்.

கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்களா? நாற்பத்தேழு வருஷக் கல்யாணம், கூப்பிட்டால்தான் வருவேன் என்றால் எப்படி அம்மா? அதுவும் நான் பெண்பிள்ளை. அவருக்கல்லவா தெரியவேண்டும்? வாய் திறந்து ஒருதரம், ஒரே ஒருதரம் கேட்டிருந்தால் நான் என்ன மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்?

போன வருஷம் ஆனி மாதம். சாரல் ஆரம்பித்துவிட்டது என்று செங்கோட்டையிலிருந்து அவர் தம்பி போன் பண்ணினார். இவருக்கு ஒரே பரபரப்பு. எத்தனை வருஷமாக எங்கேயும் போகாமல் இருந்தவர்! எங்கே கழிப்பிடம் இருக்கும், பஸ் எங்கே நிற்கும் என்ற பயத்திலேயே வீடே கதி என்று கிடந்தவர். நான்தான் எங்கே போனாலும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், "அங்கே இருக்கு, வாங்க" என்று. அந்த வேலையும் எனக்குப் போய்விட்டது பாருங்கள்.

பையை எடுத்து வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். "பாஸ்ல ரெண்டு பேர் போட்டிருக்கு டீச்சர்" என்றார்.

ரிட்டயரான ரயில்வேக்காரர்களுக்கு இலவச பாஸ் உண்டு, மனைவிக்கும் சேர்த்து. அதைத்தான் சொன்னார். "எனக்கு அது தெரியாதா? சாரல்ல நனைஞ்சு சளி பிடிக்கவா? நீங்க பத்து நாள் நல்லா இருந்துட்டு வாங்க" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். தனியாகப் போய் வருகிற அளவுக்கு உடம்பு தேறிவிட்டதே என்ற சந்தோஷம். அவர் பாஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பத்து நாள் என்றுதான் போனார். சண்டை ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. மாசம் பிறந்தால் போன் வரும். "சாப்டியா? மாத்திரை போட்டியா?" "போட்டேன். நீங்க?" "எனக்குத்தான் மாத்திரையே இல்லையே." அவ்வளவுதான். பின்னால் ரயில் சத்தம் கேட்கும். ஸ்டேஷன் பக்கத்தில்தான் தம்பி வீடு.

இருங்கள், நம்பர் போடுகிறார்கள். முப்பத்தைந்து. உங்களுக்கு முப்பத்தெட்டா? அப்படியென்றால் எங்களுக்கு அடுத்தது நீங்கள்தான்.

ஒரு வருஷம் கழித்து ஒரு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் இன்றைக்கு. ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது, விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தேன். இதில் எல்லாம் வரிசையாக இருக்கும். ஸ்கேன், ரத்தம், அந்தக் கோடு போட்ட காகிதம், நான் எடுத்த பிரதி. அவருடைய நோட்டும் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. சில நாள் எடுத்துப் பார்ப்பேன். நல்ல கையெழுத்து. 'சிக்னல் கொடுத்தது. பதில் இல்லை.' ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். உள்ளே போனதும் டாக்டர் உங்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்பார். ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள், நீங்களே பட்டுப் பட்டென்று சொல்லிவிடுங்கள். நேரம் மிச்சம். ஆனால், அவர் எதையாவது எழுதிக் கொடுத்தால்... எழுதிக் கொடுத்தால் அதைப் பிரதி எடுக்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் நீட்டிவிடுங்கள். ஏனோ அப்படித் தோன்றுகிறது. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

முப்பத்தேழு. குற்றாலிங்கம். கூப்பிடுகிறார்கள், கேட்டேன். கூப்பிடட்டும்.

நீங்கள் போங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் கையைக் காட்டுகிறார் பாருங்கள், பாவம், அவருக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் முறையில் நீங்கள் போங்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அவர் வர மாட்டார். என் ஓரகத்தி ஆவுடை, அவர் தம்பி மனைவி, நேற்றே போனில் சொல்லிவிட்டாள். போன வியாழக்கிழமை தென்காசியில் ஒரு டாக்டரிடம் அவரே போய்க் காட்டிவிட்டாராம். எல்லாம் சரியாக இருக்கிறதாம். ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தால் காலை ஐந்து மணிவரை ஒரு தடவைகூட எழுந்திருப்பதில்லையாம்.